வில்லனுக்கு ஒரு கால்கட்டு

நருட்டோ என்ற ஜப்பான் பொம்மைப்படத்தில் (அனிமே) வரும் சசுகே திருந்திவிட்டானா இல்லையா என்பதில் எனக்கும் என் அண்ணன் மகளுக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அவள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவள். எனக்கு நாற்பது ஆகப்போகிறது. "ஒரு பொம்மைப்படத்துப் பயலுக்காக வீட்டுல சண்ட போடுதியளே, ரெண்டு பேருக்கும் கோட்டி புடிச்சிருக்கா?" என்றான் அண்ணன். சொன்ன கையோடு, "எந்தப் பயட்டி அது, காட்டு பாப்போம்" என்று மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தும் கொண்டான்.

தொடங்கியது ஒரு சனிக்கிழமை மதியம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளி, உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். சாப்பிட்ட மயக்கத்தில் திண்ணையில் சாய்ந்துகொண்டு அவள் போனில் நருட்டோவின் கடைசிப் பகுதியை எத்தனையாவது தடவையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "இவனுக்குப் போயா அழுத? அந்தப் பிள்ளயக் கொல்லப் போனவன்லா இவன்" என்று வாயை விட்டேன்.

நருட்டோ பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். சசுகே என்பவன் சின்ன வயதில் தன் குலத்தையே பறிகொடுத்தவன். கொன்றது சொந்த அண்ணன். பழிவாங்கும் வெறியில் ஊரை விட்டு, நண்பர்களை விட்டு, எதிரியிடமே போய்ச் சேர்கிறான். சின்னப் பிள்ளையிலிருந்தே அவன் மேல் உயிராக இருப்பவள் சகுரா. அவள் தேடி வந்தபோது அவளையே கொல்லக் கையை ஓங்குகிறான். குரு ககாஷி நடுவில் புகுந்து தடுக்காவிட்டால் அன்றைக்கு அவள் கதை முடிந்திருக்கும். கடைசியில் நருட்டோவோடு மோதி ஆளுக்கொரு கையை இழந்து கிடக்கும்போது, வைத்தியம் பார்க்க வந்த சகுராவிடம், இதுவரை செய்த எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு என்கிறான். பிறகு பாவத்தைக் கழிக்க ஊர் ஊராக நடக்கப் போகிறான். நானும் வரட்டுமா என்று கேட்பவளிடம், என் பாவத்துக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, நெற்றியில் இரண்டு விரலால் ஒரு தட்டு. 2014 நவம்பரில் மாங்கா முடிந்தபோது (தின்கிற மாங்காய் இல்லை, ஜப்பான் படக்கதை) இரண்டு பேருக்கும் ஒரு மகளே இருக்கிறாள்.

"அவன்தான் மன்னிப்பு கேட்டுட்டாம்லா அத்த. பெறவு என்ன?"

"கேட்டது சரி. கல்யாணம் எதுக்கு?"

இந்த ஒரு கேள்விதான் சண்டை. மற்றதெல்லாம் அதற்கு முளைத்த கிளைகள்.

எங்கள் பக்கம் ஒரு பையன் குடித்துவிட்டு அலைந்தாலோ, ஊர்வம்பை விலைக்கு வாங்கினாலோ பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிருவான்." திருநெல்வேலியில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். மேயப் போகிற மாடு அடுத்தவன் வயலில் வாய் வைக்காமல் இருக்கக் காலைக் கட்டிவிடுவார்கள். அதுதான் கால்கட்டு. மாடு யார், வயல் யாருடையது, கட்டினால் அடங்குமா அடங்காதா என்று பேச நூறு பேர் இருப்பார்கள். கயிற்றைப் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அந்தக் கயிறு யாரோ ஒரு வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக டிகிரி படித்துக்கொண்டிருக்கும்.

வில்லனைக் காதலனாக வைக்கும் ஃபேன்டசி அனிமேக்களை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். அரக்கன், சாபம் பட்ட இளவரசன், ஏழு உலகத்தை அழிக்கப் புறப்பட்டவன், யாராக இருந்தாலும் அடியில் இந்தக் கால்கட்டு வைத்தியம்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. அவனை மாற்றும் மருந்தும் அவள்தான், மாறினால் கிடைக்கிற பரிசும் அவள்தான். மருந்தையே பரிசாகக் கொடுக்கும் ஆஸ்பத்திரியை நான் இந்தக் கதைகளில்தான் பார்த்தேன்.

இதை என் அண்ணன் மகளிடம் சொன்னபோது, "உங்களுக்கு எல்லாமே பொண்ணு பாக்குத கதையாத் தெரியுது" என்றாள். இருக்கலாம். என்னைப் பதினேழு தடவை பெண் பார்த்தார்கள்.

நான் பார்த்துப் பழகிய முதல் வில்லன் வெஜீட்டா. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கேபிளில் டிராகன் பால் ஸீ வரும். பாதி புரியாது, ஆனாலும் விடமாட்டோம். பூமியை அழிக்க வந்தவன், கூட வந்த நாப்பாவைத் தன் கையாலேயே கொன்றவன். அந்தச் சண்டையில் செத்தவர்களில் புல்மாவின் காதலன் யாம்ச்சாவும் ஒருவன். அந்தப் புல்மாவுக்கும் வெஜீட்டாவுக்கும் எப்படிக் காதல் வந்தது என்று கதை காட்டவே காட்டாது. மூன்று வருடத்தைத் தாவிக் கதை வரும்போது அவள் கையில் பிள்ளை இருக்கும். எங்கள் தெருவில் நடக்கிற மாதிரியேதான். எப்போது ஒத்துப்போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. வளைகாப்புக்குத்தான் பத்திரிகை வரும்.

ஆனால் வெஜீட்டாவிடம் ஒரு இடம் உண்டு, அதற்காக அவனை நான் இன்னும் விட்டுக்கொடுப்பதில்லை. திருந்திக் குடும்பஸ்தனான பிறகும் பழைய கொழுப்பு போகாமல், வலிய ஒரு மந்திரவாதியின் வசியத்துக்குள் போய், போட்டி பார்க்க வந்த ஜனங்களைக் கொன்று குவிப்பான். அப்புறம் பூ என்கிற அரக்கனை அழிக்கத் தன் உயிரையே வெடித்துவிடத் துணிவான். அதற்கு முன்னால் கூட நிற்கும் பிக்கலோவிடம் ஒரு கேள்வி கேட்பான்: செத்தால் மேலுலகத்தில் கக்கரோட்டைப் (கதாநாயகன் கோக்குவைத்தான் அப்படிச் சொல்வான்) பார்ப்பேனா? பிக்கலோ பூசி மெழுகமாட்டான். நீ அப்பாவிகளைக் கொன்றவன், அவன் போன இடத்துக்கு நீ போகமாட்டாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவான். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, போய் அந்த வேலையைச் செய்வான் வெஜீட்டா. கூலி கிடையாது என்று தெரிந்த பிறகு செய்த வேலை அது.

திருந்துவது என்றால் எனக்கு அதுதான். அந்த நேரத்தில் யாரும் அவனைத் தழுவிக்கொள்ளவில்லை, நீ நல்லவன் என்று சொல்லவில்லை. கணக்கு கணக்காகவே இருந்தது.

இதற்கு நேர் எதிர், செத்து நல்லவனாகிற வகை. சைலர் மூனின் முதல் தொடரில், 1992-இல், நெஃப்ரைட் என்று ஒரு தளபதி. நாரு என்கிற பள்ளிக்கூடப் பெண்ணின் ஆசையைப் பயன்படுத்தி அவளை ஏமாற்றிக்கொண்டே இருப்பான். கடைசியில் அவளைக் காப்பாற்றப் போய்ச் சாவான். சேர்ந்து சாக்லேட் பார்ஃபே சாப்பிடலாம் என்று பேசிய பேச்சு சாகும்போது பொய்யாகிப் போகும். நான் அழாமல் பார்த்ததில்லை. ஆனாலும் சாவது லேசு. மறுநாள் காலையில் அவள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. அவள் வீட்டில் போய் நிற்க வேண்டியதில்லை. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்று நம் ஆட்கள் வைத்திருக்கும் சட்டத்தை ஜப்பான்காரர்களும் வைத்திருப்பார்கள் போல.

இனுயாஷா என்ற கதையின் வில்லன் நராக்குவை மட்டும் மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை. ருமிகோ தகாஹாஷி 1996 முதல் 2008 வரை வரைந்த கதை. தீயில் கருகிக் குகையில் கிடந்த ஒரு கொள்ளைக்காரனுக்குக் கிக்யோ என்ற பூசாரிப் பெண் வைத்தியம் பார்ப்பாள். அவள் மேல் வந்த ஆசையில் அவன் தன் உடம்பையே பேய்களுக்குத் தின்னக் கொடுத்து நராக்குவாக எழுவான். எழுந்து செய்த முதல் வேலை, கிக்யோவின் வேஷத்தில் அவள் காதலன் இனுயாஷாவையும் இனுயாஷாவின் வேஷத்தில் கிக்யோவையும் தாக்கி, இருவரையும் ஒருவரை ஒருவர் துரோகி என்று நம்பவைத்தது. கிக்யோ அந்தக் காயத்திலேயே செத்துப்போவாள். எல்லாம் முடிந்து தானும் சாகும்போது, எனக்கு வேண்டியிருந்தது கிக்யோவின் மனசு மட்டும்தான் என்பான். கேட்டதும் ஒரு நொடி மனசு இளகத்தான் செய்கிறது. தகாஹாஷி இளகவில்லை. அவன் காதலைச் சொல்லவிட்டார், தள்ளுபடி தரவில்லை.

கம்பனும் அப்படித்தான். இராவணன் மேல் விழுந்து அழும் மண்டோதரி, சானகியை மனச்சிறையில் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் என்று நினைத்துத்தான் இராமனின் அம்பு உடம்பெல்லாம் புகுந்து தடவிப் பார்த்ததோ என்கிறாள். "எள்ளிருக்கும் இடமின்றி." பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது அழுகைப் பாட்டு என்று மட்டும்தான் தெரிந்தது. இன்று படித்தால், அந்தக் காதல் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை என்பது தெரிகிறது. இருந்தது, அதனாலேயே துளைபட்டது.

அகாஸாவிடம்தான் நான் தோற்றேன்.

2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் என்ற அனிமேயின் இன்ஃபினிட்டி கேஸில் படம் தமிழிலேயே தியேட்டருக்கு வந்தது. நானும் அண்ணன் மகளும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். அப்பாவின் மருந்துக்காகத் திருடி, கைகளில் குற்றவாளி என்று வளையம் வளையமாகப் பச்சை குத்தப்பட்ட பையன் ஹக்குஜி. தன்னால் மகனுக்கு இந்தக் கதியா என்று அப்பா தூக்கில் தொங்கிவிடுகிறார். பிறகு ஒரு குருவும், படுத்த படுக்கையாய் இருக்கும் அவர் மகள் கொயுக்கியும் கிடைக்கிறார்கள். அவளைப் பார்த்துப் பார்த்துத் தேற்றுகிறான், கல்யாணம் பேசுகிறார்கள். அவன் வெளியே போன நேரம், பக்கத்துப் பயிற்சிக்கூடத்துக்காரர்கள் கிணற்றில் விஷம் கலந்து இரண்டு பேரையும் கொல்கிறார்கள். அவன் வெறுங்கையாலேயே 67 பேரைக் கொல்கிறான். அகாஸா என்ற அரக்கனாகி எல்லாம் மறந்து போகிறான். கடைசியில் நினைவு திரும்பும்போது, தலை போயும் சாகாமல் திரும்ப முளைக்கத் தெரிந்த அந்த உடம்பைத் தானே முளைக்கவிடாமல் நிறுத்துகிறான். கொயுக்கி வந்து கட்டிக்கொள்கிறாள். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. முன்வரிசையில் படம் முழுக்க விசிலடித்த பயல்கள் வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள்: "இப்ப என்ன சொல்லுதிய?" சேரன்மாதேவி வரைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. கொயுக்கிக்கு அவன் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் மன்னிக்கவும் இல்லை, மன்னிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. தேடி வந்து கூட்டிப் போனாள், அவ்வளவுதான். மன்னிக்க வேண்டிய ஆள் வேறு. 2020-இல் வந்த, இதே கதையின் ரயில் படத்தில் அகாஸா கையால் செத்த ரெங்கோக்குவுக்கு ஒரு தம்பி இருக்கிறான். வில்லனைத் திருத்தும் கதைகளில் இந்தக் கண்கட்டு அடிக்கடி நடக்கும். அடிபட்டவர் ஒருவர், ஆறுதல் சொல்பவர் இன்னொருவர். நாம் இரண்டாவது ஆளின் கண்ணீரைப் பார்த்து முதல் ஆளின் கணக்கைத் தீர்த்துவிடுகிறோம்.

அவள் விடவில்லை. "திருந்துனாலும் ஒண்ணும் கிடைக்காதுன்னா எவன் அத்த திருந்துவான்?" வெஜீட்டாவைச் சொன்னேன். "அவன் பெறவு உயிரோட வந்து புல்மா வீட்லதான சாப்பிடுதான்?" என்றாள். அதுவும் நிஜம்தான்.

சித்திரையில் எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடை விழா. வயக்காட்டு ஓரத்தில், ஊரைத் தாண்டித்தான் அம்மன் இருக்கிறாள். துடியான தெய்வங்களுக்கு ஊருக்குள் இடம் கொடுப்பதில்லை. வேண்டுதல் தொட்டிலும் மண்பொம்மையும் வளையலும் அவள் காலடியில் குவிந்து கிடக்கும். பிள்ளை வேண்டுமென்றால் அவளிடம்தான் போக வேண்டும், உச்சிப்பொழுதில் பிள்ளையோடு போகக்கூடாததும் அவளிடம்தான். செவ்வாய்க்கிழமை ராத்திரி வில்லுப்பாட்டு. புலவர் வீசுகோலைத் தட்ட, உடுக்கையும் குடமும் சேர, நீலி கதை கிளம்பியது. என் அண்ணன் மகள் கொஞ்ச நேரம் போனை நோண்டினாள். பிறகு அதை இடுப்பில் சொருகிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கதை இதுதான். ஒரு அர்ச்சகர் மகனுக்குத் தாசிகுலத்துப் பெண் மேல் ஆசை. சொத்தெல்லாம் அங்கே கரைந்ததும் அவள் தாய் அவனை விரட்டிவிடுகிறாள். அவள் மட்டும் நகையோடு அவன் பின்னாலேயே போகிறாள். காட்டில் கள்ளிச்செடி ஓரம் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் குவித்து அவள் தலையை அதில் இறக்கி வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாகும்போது அவள் சாட்சிக்கு அழைத்தது அந்தக் கள்ளியை. நகையை எடுத்துக்கொண்டு போனவன் பாம்பு கடித்துச் சாகிறான். மறுபிறவியில் அவன் ஒரு செட்டியார், யாவாரி. இந்தப் பிறவியில் ஒரு பாவமும் அறியாதவன். அவளோ நீலியாக, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருசன், விட்டுவிட்டு ஓடுகிறார் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து நிற்கிறாள்.

இந்த இடத்தில் அண்ணன் மகள் என் தோளைத் தட்டினாள். "அத்த, இது இசேகாய்லா!"

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. மறுபிறவி எடுத்து வேற்று உலகத்தில் பிறக்கும் இசேகாய்க் கதைகளில் வில்லி நாயகி என்று தனி வகையே உண்டு. கர்வம் பிடித்த சீமான் வீட்டுப் பெண், ஒரு நாள் முன்பிறவி ஞாபகம் வந்து தங்கமான குணத்தோடு எழுந்திருப்பாள். பழைய கணக்கு அதோடு ரத்து. (இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண் வில்லனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் போதும். பெண் வில்லிக்கோ உள்ளே வேறு ஆளே வந்து குடியேற வேண்டியிருக்கிறது. ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டின் அகிட்டோ மாதிரி தானாகவே தன்னைப் பார்த்துத் திரும்பியவர்கள் கொஞ்சம்தான்.) எங்கள் வில்லுப்பாட்டு அப்படி ரத்து செய்யவில்லை. புது உடம்பு, புது ஊர், புதுத் தொழில், பழசு ஒன்றுகூட ஞாபகமில்லை. இதைவிட ஒருவன் எப்படித் திருந்துவான்? அப்படியும் அவள் கள்ளிக்கொப்போடு வந்து நிற்கிறாள்.

இதை முழுசாக என் கட்சிக்கு இழுத்துக்கொள்ளவும் முடியாது. ஊர் அவள் சொல்லை நம்பி இரண்டு பேரையும் ஒரே அறையில் விட்டுப் பூட்டுகிறது. விடிந்து பார்த்தால் அவன் பிணம். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்கிச் சாகிறார்கள். நியாயம் கேட்டு வந்தவள் நியாயம் சொன்னவர்களையும் சேர்த்து அழித்தாள். ஊர் அவளைத் திருத்தப் பார்க்கவில்லை. போன பிறவியில் நடந்தது, விட்டுவிடு தாயி என்றும் சொல்லவில்லை. பீடம் கட்டி, ஊருக்கு வெளியே வைத்து, வருடத்துக்கு ஒரு தடவை அவள் கதையை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்கிறது.

எங்கள் சித்தி வீட்டில் அப்படி யாரும் கேட்டதில்லை. சித்தப்பாவுக்குக் கால்கட்டாகப் போனவள் அவள். பதினைந்து வருடம் குடி, அடி. பிறகு ஒரு நாள் மாலை போட்டார், குடியை விட்டார், இன்று வரை தொடவில்லை. "இப்ப அவர மாதிரி தங்கமான மனுசன் உண்டா" என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நெல் அவித்துக்கொண்டிருந்தபோது சித்தியிடமே சொன்னேன். "திருந்திட்டாவ. நல்லதுதான், யாரு வேண்டாம்னா?" என்றாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "ஆனா வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு போடுத சத்தம் கேட்டா இன்னைக்கும் எனக்கு வயித்தக் கலக்கும். அது அவுகளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்ல. அவுக கேட்டதும் இல்ல."

சித்தப்பா திருந்தியது பொய்யில்லை. அதை அவரிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன். அவர் குடியை விட்டதற்குக் கிடைத்த பாராட்டில், சித்தியின் வயிற்றைக் கலக்குகிற அந்தச் சத்தம் எங்கே போய் ஒளிந்தது என்பதுதான் என் கேள்வி.

இதைக் கதை போல என் அண்ணன் மகளிடம் சொன்னேன், யார் என்று சொல்லாமல். அவள் கெட்டிக்காரி, கண்டுபிடித்திருப்பாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா சகுராவுக்கு அவனத்தான் புடிச்சிருக்கு. அவளுக்குப் புடிச்சதச் செய்ய உங்ககிட்ட பெர்மிஷன் வாங்கணுமா அத்த?" என்றாள். நல்ல கேள்வி. சகுராவுக்குப் பிடிக்கவைத்தது பேனா பிடித்த ஆள் என்று சொல்லலாம். சொன்னால் சசுகேயைக் கெட்டவனாக்கியதும் அதே பேனாதானே என்பாள். வாங்க வேண்டாம் என்றேன். அதோடு மூன்று நாள் ஊமைச் சண்டை முடிந்தது.

கொடை முடிந்த மறுநாள் சித்தி வந்திருந்தாள். முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவளிடம் இவள் போனைக் கொண்டுபோய் நீட்டினாள். ஊர்வாசலில் நெற்றியைத் தட்டுகிற அந்தக் காட்சிதான். சித்தி கண்ணைச் சுருக்கி முழுசாகப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ள என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல சின்னாச்சி. வெக்கப்பட்டா."

"பெறவு?"

"பெறவு அவன் போயிருவான். ஊர் ஊரா. ரொம்ப நாள் கழிச்சுத்தான் வருவான்."

"ம்" என்றாள் சித்தி. ஒரு இணுக்கை உருவி முறத்தில் போட்டாள். "அவ்வளவு நாளும் அவ நல்லாத் தூங்கியிருப்பா."